நத்தை முதுகில் மூன்று பூச்சு

பல்கலைக்கழகத்தில் அவருக்கு நத்தை மேடம் என்றுதான் பெயர். முப்பத்திரண்டு வருடம் நத்தைகளின் பின்னாலேயே நடந்தவர். அவசரக்காரர்களுக்கு ஒத்துவராத வேலை. மழை பெய்தால் நத்தை எங்கே போகிறது, வெயில் ஏறினால் எங்கே ஒளிகிறது, போன வழியிலேயே ஏன் திரும்பி வருகிறது என்று ஒரு தடிமனான புத்தகமும் நாற்பது கட்டுரைகளும் எழுதியிருந்தார்.

ஓய்வுபெற ஒரு மாதம் இருக்கும்போது, பாராட்டு விழாவுக்காகத் துறைத் தலைவர் ஒரு பட்டியல் தயாரித்துக் கொண்டுவந்தார். மேடத்தின் ஆய்வை உலகத்தில் யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற விவரம். ஆசையாக வாங்கிப் பார்த்தவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. உயிரைக் கொடுத்து எழுதிய புத்தகத்தைப் பதினொரு பேர்தான் சீண்டியிருந்தார்கள். அதில் நாலு பேர் அவருடைய மாணவர்கள். ஆரம்ப காலத்தில் போகிறபோக்கில் எழுதிப் போட்ட இரண்டு பக்கக் குறிப்பையோ ஆயிரத்துச் சொச்சம் பேர் எடுத்தாண்டிருந்தார்கள். ஓட்டின் மேல் நெயில் பாலிஷால் அடையாளம் வைப்பது எப்படி என்ற குறிப்பு அது. நண்டு, ஆமை, வண்டு என்று ஓடுள்ள எதையும் உலகம் விட்டுவைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பித் தீர்த்தார். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்: “அது உன் தங்கச்சி சொல்லிக்கொடுத்ததுதானே?”

மேடத்துக்குச் சுருக்கென்றது. உண்மைதான். அப்போது அவர் வைத்த பெயின்ட் எல்லாம் ஒரே மழையில் உரிந்துபோய், எந்த நத்தை எது என்று தெரியாமல் அழாத குறையாக உட்கார்ந்திருந்தார். அழகுக்கலை படித்துக்கொண்டிருந்த தங்கைதான் ஒரு நத்தையைக் கையில் எடுத்து, ஓட்டைத் துடைத்து, முதலில் நிறமில்லாத பூச்சு, காய்ந்ததும் கலர், அதன்மேல் மறுபடி நிறமில்லாத பூச்சு என்று போட்டுக் காட்டினாள். அடையாளம் ஒரு வருடம் தாங்கியது. குறிப்பில் அவள் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. வேண்டுமென்றே விட்டதல்ல, போடத் தோன்றவே இல்லை. அதுதான் இப்போது உறுத்தியது.

மறுநாள் காலையிலேயே தங்கையின் பியூட்டி பார்லருக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். “உன் பேரைப் போட்டிருக்கணும். போடாம விட்டுட்டேன். தப்பு என்மேலதான்.”

தங்கை கையிலிருந்த பாலிஷ் பாட்டிலை மூடி வைத்தாள். “அன்னைக்கே போட்டிருந்தா அம்மாகிட்ட காட்டியிருப்பேன்க்கா. இவ மண்டையில எதுவும் ஏறாதுன்னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தாங்க.” கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுவே மேடத்துக்கு அதிகம் வலித்தது.

தங்கையின் பெயரையும் ஆசிரியராகச் சேர்க்கச் சொல்லி அன்றே ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பினார். இரண்டாவது ஆசிரியர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று பதிப்பாசிரியர் கேட்டார். பார்லரின் பெயரையும் தெருவையும் கதவு எண்ணையும் எழுதினார். பதிப்பாசிரியரும் மறுபேச்சில்லாமல் அப்படியே அச்சிட்டார். விழா மேடையில் மேடம் புத்தகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. குறிப்பின் கதையைச் சொல்லி, தங்கையை எழுப்பி நிற்கவைத்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தங்கைக்குத்தான் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தங்கைக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கோ ஒரு கடற்கரையில் நண்டு ஆராய்கிறவர், உப்புத் தண்ணீரில் பாலிஷ் உரிந்துபோகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். தங்கை சந்தையில் நண்டு வாங்கி, அதன் ஓட்டில் பாலிஷ் பூசி உப்புத் தண்ணீரில் போட்டு ஒரு வாரம் பாடுபட்டாள். பூசுவதற்கு முன் நகம் ராவும் அரத்தால் லேசாகத் தேய்த்துவிடச் சொல்லிப் பதில் எழுதினாள். அனுப்பிவிட்டுத்தான் அக்காவுக்கே சொன்னாள்.