மிளாவின் மூக்கு

பிளவக்கல் அணைக்கு மேலே ஒரு மிளா மான் பட்டினி கிடக்கிறது என்று போன் வந்தபோது, கால்நடை மருத்துவர் வின்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் எருமைக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் கழுவிவிட்டுப் போனை வாங்கினாள். பேசியது வனக்காவலர் வெங்கடேஸ்வரி.

"டாக்டர், நல்ல கொம்பு மிளா. கிழிஞ்ச மீன்வலை கொம்புல மாட்டி வாயோட சேந்து இறுக்கிருச்சு. தண்ணிய மட்டும் உறிஞ்சுது. ஒரு புல்லு கடிக்க முடியல. விலா எலும்பு அம்புட்டும் தெரியுது."

துப்பாக்கியில் மயக்க ஊசி போட வின்சிக்கு மனமில்லை. சத்தத்தில் மிரண்டு அணைக்குள் பாய்ந்தால், மயக்கம் ஏறும்போது மூழ்கிவிடும். ஊதுகுழல்தான் சரி. நீளக் குழாயில் ஊசியை வைத்து வாயால் ஊதுவது, சத்தமே இருக்காது. ஆனால் பத்தடி தூரத்துக்குள் மிளா வர வேண்டும்.

முதல் நாள் காலையில் இருவரும் கரையோரப் பாறைக்குப் பின்னால் பதுங்கினார்கள். வெயில் ஏறியது. மிளா காட்டு விளிம்பில் தலை காட்டியது. மூக்கைத் தூக்கியது. முன்காலால் தரையை ஓங்கி மிதித்து, வாய் இறுகியிருந்தும் மலையே அதிரும்படி ஒரு கத்து கத்திவிட்டு மறைந்துபோனது.

"நம்மளப் பாக்கவே இல்லையே!" என்றாள் வெங்கடேஸ்வரி.

வின்சி காய்ந்த புல்லைக் கசக்கித் தூவினாள். தூள் மெல்ல மலைப்பக்கம் மிதந்து போனது.

"வெயிலுக்குக் காத்து மேல ஏறுது. என் சோப்பு, தலையெண்ணெய், காலையில தின்ன வெங்காயம் எல்லாம் எனக்கு முன்னாடியே போய் அதுகிட்ட நிக்குது. சாயங்காலம் மலை குளுந்தா காத்து கீழ இறங்கும். அப்ப வருவோம்."

மறுநாள் மாலை காற்று சரியாகத்தான் இறங்கியது. ஆனால் மிளா, அவர்கள் நடந்துபோன தடத்தைக் குறுக்கே கடக்கும்போது நின்று மோந்தது. அப்படியே திரும்பிப் போய்விட்டது.

அன்று இரவு வின்சி சோப்பைத் தொடவில்லை. வெறும் தண்ணீரில் குளித்தாள். பவுடர் இல்லை, எண்ணெய் இல்லை. கொசுவத்திச் சுருளையும் அணைத்தாள். கணவன் கிளாட்வின் கொசுவை அடித்தபடி கேட்டான்.

"ஏட்டி, இது என்ன புது விரதம்?"

"செத்த நேரம் பொறுத்துக்கோங்க. நாளைக்குக் கருவாடு மட்டும் பொரிச்சிராதிய."

உடம்பு வாசனையை அடியோடு கழுவ முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அணைப்பக்கம் தினமும் மாடுகள் மேய்கின்றன. அந்த வாசனைக்கு மிளா மிரள்வதில்லை. அதனால் இரண்டு ஜோடி உடுப்பை வத்திராயிருப்பில் ஒரு மாட்டுத் தொழுவத்தில் போட்டு வைக்கச் சொன்னாள். ரப்பர் செருப்போடு சாணியை மிதித்தாள். மறுநாள் மாலை ஜீப்பைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு, இந்தமுறை தண்ணீரோரமாகவே நடந்து போனார்கள். பாறைக்கு ஏறும்போது வழுக்கியதில் வின்சி ஒரு கல்லைக் கையால் பிடித்தாள். அவ்வளவுதான்.

மலை நிழல் அணைமேல் விழுந்தது. காற்று கழுத்துக்குப் பின்னாலிருந்து விலகி, முகத்தில் வந்து குளிர்ந்தது. முதலில் வந்தது வாசனைதான்: ஈரமண்ணும் ரோமமும் கலந்த ஒரு கனத்த நெடி. அதன் பிறகே மிளா வந்தது. இவ்வளவு பெரிய உயிர் ஒரு சருகுகூட நொறுங்காமல் எப்படி நடக்கிறது என்று வின்சிக்குப் புரியவில்லை.

அது நேராக அவள் கைவைத்த கல்லிடம் போனது.

வலை இறுக்கிய மூக்கைக் கல்லின்மேல் வைத்து மோந்தது. ஈர நாசி விரிந்து சுருங்கியது, விரிந்து சுருங்கியது. மாட்டு வாசனைக்கு அடியில் அது அவளைக் கண்டுகொண்டது என்று வின்சிக்கு உறைத்தது. தன் வியர்வை, தன் பயம், காலையில் தொட்ட ஆடு, குடித்த காப்பி எல்லாமே அந்தக் கல்லில் இருக்கும். இத்தனை வருஷம் எத்தனையோ உயிர்களைத் தொட்டுத் தடவிப் பார்த்தவள் அவள். ஓர் உயிர் தன்னை இப்படி முழுசாகப் பார்ப்பது இதுதான் முதல்முறை. கோயிலில் திரை விலகும்போது மூச்சை அடக்குவதுபோல வெங்கடேஸ்வரி பக்கத்தில் மூச்சடக்கி நின்றாள்.

மிளா தலையைத் தூக்கிப் பாறையைப் பார்த்தது. ஓடவில்லை. தாகம் அதைப் பிடித்து நிறுத்தியதோ என்னவோ, மெல்லப் பக்கவாட்டில் திரும்பி ஓரடி வைத்தது. தொடை தெரிந்தது.

வின்சி ஊதினாள்.

மிளா துள்ளியது. காட்டுப்பக்கம் கொஞ்சதூரம் ஓடி, நின்று, தள்ளாடி, முன்னங்கால் மடங்கிப் படுத்தது. ஓடிப்போய்க் கண்ணைத் துணியால் மூடினார்கள். வெங்கடேஸ்வரி கனத்த தலையை மடியில் தாங்கிக்கொள்ள, வின்சி இழை இழையாக வலையை வெட்டி எடுத்தாள். தாடையில் புண் ஆழமாக இருந்தது. மருந்து வைத்தாள்.

"டாக்டர், இதோட மூச்சு எம்புட்டு சூடா இருக்கு!" என்றாள் வெங்கடேஸ்வரி.

மயக்கம் தெளிய மாற்று ஊசி போட்டுவிட்டு இருவரும் பின்வாங்கினார்கள். பாறைக்குப் பின்னால் போக நேரமில்லை. வெட்டவெளியில், மிளாவுக்கு மேட்டுப்பக்கம் நின்றுவிட்டார்கள். இறங்குகிற காற்று அவர்கள் வாசனை முழுவதையும் அள்ளிக்கொண்டு அதனிடம் போனது.

மிளா எழுந்தது. உடம்பைச் சிலிர்த்தது. மூக்கைத் தூக்கி, அவர்கள் நின்ற பக்கமாக நெடுநேரம் காற்றை இழுத்தது.

"ஓடிரும்," என்று முணுமுணுத்தாள் வெங்கடேஸ்வரி.

அது ஓடவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி, தள்ளாடித் தள்ளாடித் தண்ணீருக்கு இறங்கியது. வாயை நன்றாகத் திறந்து குடிக்கத் தொடங்கியது. மடக்கு மடக்கென்று அது குடிக்கிற சத்தம் கரை முழுக்கக் கேட்டது.