மூன்றாவது விதிவிலக்கு

"சத்தத்தக் கூட்டுங்க!" என்றாள் மாலதி.

தியாகேசன் ஒரு கையால் மனைவியின் முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்தபடி மறு கையால் ரிமோட்டை அழுத்தினார். நேபாளத்தில் பிரதமர் ராஜினாமா. திரையில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்துகொண்டிருந்தது.

மூன்று நாளாக ஒரு வாய்க் கஞ்சி இறங்காத உடம்பு. இன்றோ நாளையோ என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தியவள். பத்தொன்பது வருஷமாக ஒரே புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தாள். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம், வங்கதேசம். எங்கே பெண்கள் முதலில் பள்ளிக்கூடம் போனார்கள், எங்கே நிலம் கைமாறியது, எங்கே ஆட்சி கவிழ்ந்தது என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தெருவில் திரண்டு ஆட்சியைக் கவிழ்க்கும் காலம் போய்விட்டது, இனி மாற்றம் வாக்குச்சீட்டு வழியாக மெல்லத்தான் வரும் என்பது முடிவுரை. கொழும்பில் அதிபர் ஓடியபோது, விதிவிலக்கு என்று அடிக்குறிப்புப் போட்டாள். டாக்காவில் பிரதமர் வெளியேறியபோது இன்னோர் அடிக்குறிப்பு.

"மூணாவதும் விதிவிலக்குன்னா, அப்ப விதி எதுங்க?" அவள் கண்கள் பளபளத்தன. "நான் சொன்னது தப்பு! பத்தொம்பது வருஷத் தப்பு! இளஞ்செழியனுக்குப் போன் போடுங்க. கடைசி அத்தியாயம் வேணாம்."

தஞ்சாவூர்ப் பதிப்பாளர் இளஞ்செழியன் போனில் தயங்கினார். "அச்சு ஓடிக்கிட்டிருக்கு. நாளைக்குக் காலையில ஒரு பிரதி கொண்டாந்துடுவேன் சார். இப்ப நிறுத்துனா..."

அவள் கையில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர தியாகேசனுக்கு வேறு ஆசை மிச்சமில்லை. மாலதி சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று.

"நிறுத்திடுங்க" என்றார்.

"எழுதிக்கோங்க" என்றாள் உடனே. மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். அவர் எழுதினார். நான்காவது வாக்கியம்: "இந்த மூன்று ஊர்களிலும் தெருவுக்கு வந்த பிள்ளைகள், தங்கள் பெற்றோரைப் போல அல்லாமல்..."

வினைச்சொல்லுக்காகப் பேனாவுடன் காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்த பிறகே தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

மறுநாள் காலை பந்தலில் அவளுடைய மாணவிகள் மூவர் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் அழுதார்கள். பிறகு தாழ்ந்த குரலில் பேசினார்கள். குரல் ஏறியது.

"இலங்கையில சாப்பாட்டுக்கே வழியில்லடி. நேபாளத்துல அப்படியா?"

"டாக்காவுல வேலைக்கான ஒதுக்கீட்டுலதான ஆரம்பிச்சுது?"

மாலதியின் அண்ணன் அறிவுச்செல்வன் எழுந்து அவர்களிடம் போனார். "சாவு வீட்ல என்னம்மா இது?"

பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

தியாகேசன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவர்கள் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா நிறுத்திட்டீங்க? சொல்லுங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மூக்கை உறிஞ்சிவிட்டு, கோலம் போடாத வாசலின் ஈர மண்ணில் குனிந்து, விரலால் ஒரு நாட்டின் எல்லையை வரையத் தொடங்கினாள்.