நாலாம் நம்பர் கட்டிலின் தரம்

மனித உடலும் ஓர் எந்திரமே. அதைப் பிழையின்றிப் பழுதுபார்க்கும் பொற்காலம் பிறந்துவிட்டது. இந்தப் பிரகடனம் 1984இல் நாமக்கல்லில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதப்பட்டது. எழுதிய சென்றாயன் லாரிகளுக்கு எழுதிப் பழகியவர். கை நிற்காமல் கீழே 'ஹாரன் அடிக்கவும்' என்றும் எழுதிவிட்டார்.

பிரகடனத்துக்குச் சொந்தக்காரர் இஞ்சினியர் உபகாரசாமி. சேலத்தில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு பார்த்தவர். அதே முறைகளை ஆஸ்பத்திரியில் புகுத்தி ஆராயச் சென்னையில் ஒரு குழுவிடம் மானியம் வாங்கியிருந்தார். கட்டிலுக்குக் கட்டில் ஓர் அட்டை தொங்கும். அதில் எழுதியிருப்பதை எழுதிய நேரத்துக்கு நர்ஸ் செய்ய வேண்டும். நோயாளியிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பேச்சில்தான் பிழை நுழைகிறது.

ஓராண்டில் வார்டில் குறைபாடே இருக்காது என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஆண்டு முடிந்து, மறுநாள் குழு பார்வையிட வருகிறது. வார்டில் சீழும் காய்ச்சலும் முன்போலவே இருந்தன. மானியத்தை நம்பி ஆஸ்பத்திரிச் செயலாளர் செங்கோட்டையன் தம் பெயரில் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அஸ்திவாரமே போட்டுவிட்டார்.

லாரிக்கு பாடி கட்டும் பட்டறை அவருடையது. "ஏனுங்க சார், இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போடறீங்க? ஆர்.டி.ஓ. ஆபீசுல வண்டிய எப்.சி.க்குக் காட்டற அன்னைக்கு நாங்க என்ன பண்றோமுங்க? பக்கத்து வண்டியில நல்ல டயராக் கழட்டி மாட்டிக்குவோம். பிரேக் இன்ஸ்பெக்டர் சந்தோசமாப் போவாரு. பொழுதோட திருப்பிக் குடுத்துருவோம்."

"ஆஸ்பத்திரிக்கு எதுக்குங்க டயர்?"

"டயரு இல்லீங்க சார். ஆளு."

காலையில் நோயாளிகள் பட்டறைக்குப் போய், புதிதாகக் கட்டி நின்ற லாரி பாடிகளுக்குள் படுத்துக்கொண்டார்கள். டாக்டரும் கூடப் போனார். கட்டில்களில் பட்டறையின் வாட்டசாட்டமான ஆட்கள். அட்டைகள் மட்டும் மாறவில்லை. குழு முதலில் அவற்றைத்தான் பார்க்கும் என்று இஞ்சினியர் அடித்துச் சொல்லிவிட்டார். நாலாம் நம்பருக்கு வர வேண்டிய வேலுமணி வரவில்லை. குழுவின் ஜீப்போ வாசலில் நின்றுவிட்டது. செங்கோட்டையன் தாமே ஏறிப் படுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டார்.

குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்போது நாலாம் நம்பருக்கு என்ன?"

நர்ஸ் மரியபுஷ்பம் அட்டையைப் படித்தார். "எனிமா சார். குடலிறக்க ஆப்பரேசன் கேஸ்."

"நடக்கட்டும். பார்க்கிறோம்."

திரை இழுக்கப்பட்டது. உள்ளே செங்கோட்டையன் கிசுகிசுத்தார்: "அம்மணி, நாந்தான்! செயலாளரு!"

"பேசக் கூடாதுங்க. நீங்க கையெழுத்துப் போட்ட சட்டம். திரும்பிப் படுங்க."

கத்தினால் மானியம் போய்விடும். செங்கோட்டையன் திரும்பிப் படுத்தார்.

திரை விலகியது. தலைவருக்கு ஒரே பூரிப்பு. நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் உட்கார்ந்தார். "எந்த ஊர் ஐயா?"

"நாமகிரிப்பேட்டைங்க." நெற்றி வேர்த்தது.

"இங்கே கவனிப்பு எப்படி?"

"பிரமாதமுங்க. செத்த ஒதுங்குங்க சார், எந்திரிக்கோணும்..."

"அவசரமில்லை. பழைய முறையோடு ஒப்பிட்டால் எது மேல்?"

தலைவரின் முதுகுக்குப் பின்னால் உபகாரசாமி இரு கைகளையும் கூப்பிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். செங்கோட்டையன் பல்லைக் கடித்துக்கொண்டு, புது முறையே மேல் என்றார். காரணம் கேட்டார்கள். அதையும் சொன்னார்.

"மானியத்தை நீட்டித்துவிடலாம்" என்று தலைவர் எழுந்தார். அவர் கட்டிலைத் தாண்டுமுன் செங்கோட்டையன் குதித்து ஓடினார்.

கழிப்பறை வார்டின் மறுகோடியில் இருந்தது. செயலாளர் அதுவரை போய்ச் சேரவில்லை.