கையெழுத்துக்கு மேலே ஒரு வரி

“நீங்களே எழுதுங்க சார்” என்று பொன்செல்வி சொல்லியேவிட்டாள், எதை மட்டும் கேட்காதே என்று சீனியர் சாதனா மூன்று முறை சொல்லி அனுப்பினாளோ அதையே, இனி அது வாய்க்குள் திரும்பப் போகாது, போகவும் வேண்டாம்... டாக்டர் சுந்தரராமன் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார், மேசைமேல் அவள் நீட்டிய சிபாரிசுக் கடிதம், அடியில் அவர் கையெழுத்து, மை இன்னும் காயவில்லை. ஒரு வரி படிக்காமல் போட்ட கையெழுத்து. இந்த மருத்துவக் கல்லூரியில் அதுதான் வழக்கம், மாணவியே தன்னைப் புகழ்ந்து எழுதி வரவேண்டும், பேராசிரியர் கையெழுத்துப் போடுவார், “நீங்க எழுதுங்கன்னு சார்கிட்ட போய் நின்னே, லண்டனும் கிடையாது, ஒண்ணும் கிடையாது” என்று மாட்டுங்கா ஓட்டலில் தோசையைப் பிய்த்துக்கொண்டே சாதனா சொன்னாள், அவளுக்கென்ன, அவள் வீட்டில் டாக்டர்கள் டீ குடிக்க வருகிறவர்கள். தாராவியில் காலையில் அப்பா மாசானம் சொன்னது வேறு, “ஏட்டி, பெரிய டாக்டர்ட்ட எடுத்தெறிஞ்சு பேசிராத”... எல்லாரும் சேர்ந்து எதற்கு இப்படிப் பயப்படுகிறார்கள்? லண்டனில் நரம்பியல் பிரிவில் ஆறு வாரப் பயிற்சி, இன்று சனிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு விண்ணப்பம் மூடிவிடும், இப்போது மணி நாலரை, வாயை மூடிக்கொண்டு காகிதத்தை எடுத்துப்போக என்ன கேடு உனக்கு?

“என்னம்மா, நன்னாத்தானே எழுதிண்டு வந்திருக்கே?” “நீங்க படிக்கவே இல்லையே சார்.” அவர் அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கவே படித்தார், தாராவிச் சேரியில் பிறந்தும் தளராத உழைப்பால் உயர்ந்த மாணவி... பிறந்தும். அந்த ‘உம்’ நெஞ்சில் சுருக்கென்று ஏறியது. முகேஷைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா அதில்? இரண்டு காலும் துவண்டு வார்டில் கிடந்த பை தைக்கிற முகேஷ், காய்ச்சலுக்குப் பிறகு வரும் நரம்புத் தளர்ச்சி என்று எல்லாரும் எழுதிவைத்துவிட்டார்கள், முட்டியில் சுத்தியலால் தட்டக் குனிந்தபோது அவன் சட்டையிலிருந்து வந்த வாடை, தோல் ஒட்டுகிற சொலுஷன், அது அவளுக்குப் புதிதா, வீட்டுக்குக் கீழேயே பட்டறை, அந்த வாடையில்தானே பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தாள். “கதவை மூடிட்டா ஒட்டுவீங்க?” “மழையில பந்த் பண்ணித்தான்க்கா, தோலு நனைஞ்சிரும்லா.” அன்றைக்கே சொன்னாள், அந்த ஆவிதான் நரம்பைத் தின்கிறது என்று, பரிசோதனையும் அதையே சொன்னது...

அவள் இதையெல்லாம் எந்த வரிசையில் கொட்டினாளோ, சுந்தரராமன் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார். “அந்த சொலுஷன் கேஸா? கண்டுபிடிச்சது உங்க பேட்ச் அதீபான்னா நெனச்சிண்டிருந்தேன்!” “நான்தான் சார். அதீபா அன்னைக்கு லீவு.” அவர் சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது. “அதையன்னா நீ எழுதியிருக்கணும்? ஏன் எழுதலே?” கேட்டுவிட்டு அவரே மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தார். “திங்கக்கிழமை வா, நானே எழுதறேன். இப்போ செம்பூர் கிளினிக்குக்கு நாழியாயிடுத்து.” “ஆறு மணிக்கு மூடிருவாங்க சார்.” திருத்தி அடித்துத் தரவும் வழியில்லை, லெட்டர்ஹெட் வைத்திருக்கும் கிளார்க் பீரோவைப் பூட்டிக்கொண்டு ஒரு மணிக்கே தாதரில் ரயில் ஏறியிருப்பாள். “அப்போ இதையே அனுப்பிடு, அசடே. கையெழுத்துதான் இருக்கே” என்று அவர் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

அதைக் குப்புறத் திருப்பி அவர் பக்கமே தள்ளிவைத்தாள். “திங்கக்கிழமை வர்றேன் சார். நீங்களே எழுதுங்க.” அடுத்த வருஷம் லண்டன் இருக்கும், இல்லாவிட்டால் போகட்டும், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள், வராந்தாவில் செல்போன் அதிர்ந்தது, சாதனாதான், அப்லோட் ஆச்சா என்று கேட்பாள், எடுக்கவில்லை. ஏன் எழுதலே... படியிறங்க இறங்க அது கூடவே வந்தது. அந்தச் சேரி வரியைப் போடு, லண்டன்காரங்களுக்குப் பிடிக்கும் என்று சாதனா சொன்னாள்தான், ஆனால் அடித்த விரல் யாருடையது? நிற்காமல், ஒரு எழுத்துத் தப்பாமல் அடித்தாளே, அடித்து முடித்து ஒருமுறை படித்தும் பார்த்தாளே, நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியதே...