மேலே வேர், கீழே காய்

அந்தக் கோடையின் கடைசியில், மேனேஜர் மொட்டைமாடியில் நட்ட தக்காளி கீழ்வீட்டுக் கூரையில் காய்த்தது. கூரையில் விரிசல் இல்லை, ஈரக்கசிவும் இல்லை. வெள்ளையடித்த சிமெண்டிலிருந்து பச்சைத் தண்டு இறங்கி, மின்விசிறிக்குப் பக்கத்தில் இலை விட்டு, கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அங்கே வாடகைக்கு இருந்த தையல்காரி, தலையில் ஒன்று இடிக்கவும் அண்ணாந்து பார்த்தாள். பறித்துக் கழுவித் தின்றாள். புளிப்பு சரியாக இருந்தது. பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்ததால் மறுபடி தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

மேனேஜர் என்று எல்லோரும் கூப்பிட்டாலும் அவர் எதையும் மேனேஜ் செய்து யாரும் பார்த்ததில்லை. தொழிற்சாலையில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, வேலை செய்கிறவர்கள் வேலை செய்கிறார்களா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. ஓய்வு பெற்றதும் பார்க்க ஆள் இல்லாமல் போயிற்று. அப்போதுதான் தோட்டம் போடும் யோசனை வந்தது. பெண்டாட்டி துணி காயப்போடும் கொடிகளை அறுத்து எறிந்தார். மண்மூட்டை சுமந்தவர்கள் வேறு ஆட்கள். துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டவர் மட்டும் இவர். தொப்பி, கையுறை, முழங்கால் வரைக்கும் பூட்ஸ் எல்லாம் வந்துவிட்டன, விதை மட்டும் கடைசியில் ஞாபகம் வந்தது. பேச்சு பல்லக்கு, நடை பொடிநடை. விதை முளைக்கும் முன்பே சம்பந்திக்குப் போன் போட்டு, கோடை முடிவதற்குள் வாருங்கள், கடையில் ஒரு காய் வாங்காமல் விருந்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். மகள் கல்யாணத்தில் அந்தச் சம்பந்தி, “இவருக்குக் கை இருக்கிறது கையெழுத்துப் போடத்தான்” என்று பந்தியே சிரிக்கிற மாதிரி சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பைத் துடைக்கத்தான் இவ்வளவு மண்ணும்.

முளைத்ததும் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் ஒவ்வொரு செடியாக இரண்டு விரலால் பிடுங்கி, வேர் பிடித்திருக்கிறதா என்று பார்த்து, திரும்ப நட்டுவைப்பார். மத்தியானம் சந்தேகம் வரும், மறுபடி பிடுங்குவார். “குழந்தை தூங்குதான்னு எழுப்பிப் பாக்கிற ஆளு இவரு” என்று பெண்டாட்டி பக்கத்து வீட்டில் சொன்னாள். வேறு செடியாக இருந்தால் செத்திருக்கும். இவை சாகவில்லை, வெறுத்துப்போயின. ஒரு வாரத்துக்குள் இலையும் தண்டும் மண்ணுக்குள் போய்விட்டன. நன்றாகப் பார்த்துக்கொள் என்பதுபோல வேர்கள் வெளியே வந்து, கிழவன் தாடி மாதிரி மாடி முழுக்கக் காற்றில் ஆடின. அவர் நோய் என்று நினைத்து மருந்தடித்தார். தண்ணீர் மட்டும் நிறுத்தவில்லை. ஒன்றைத் தொடங்கினால் பிடிவாதமாகச் செய்வதில் அவருக்குக் குறை சொல்ல முடியாது.

தையல்காரி தெருவுக்கே பீன்ஸ் கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஒருநாள் கீழே இறங்கினார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லி வாடகைக்கு விட்ட வீடு. இப்போது கட்டிலுக்கு மேலே கத்தரிக்காய், தையல் மெஷினுக்கு மேலே வெள்ளரி. யாரைக் கேட்டு விவசாயம் செய்கிறாய் என்றார். அவளுக்குச் செடியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. “நான் ஒண்ணும் நடலைங்க சார். தலையில இடிச்சா பறிக்கிறேன்,” என்றாள், மெஷின் மிதியிலிருந்து காலை எடுக்காமல். அவர் ஸ்டூலில் ஏறி ஒரு வெள்ளரியைப் பிடிக்கப் போனார். அது ஆமைத் தலைபோலக் கூரைக்குள் போய்விட்டது. இறங்கினார், வெளியே வந்தது.

“வீடு என்னுது. கூரையும் என்னுது.”

“அதை அதுங்ககிட்ட சொல்லுங்க சார்.”

அவளைக் காலி செய்யச் சொல்லலாமா என்று யோசித்தார். அவள் போனால் காயும் கூடவே போய்விடும் என்று பெண்டாட்டி சொன்னதும் யோசனையை விட்டார். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சம்பந்தி சொல்லிவிட்டார். கமுக்கமாகக் கடையில் வாங்கிவிடலாம் என்று பையோடு போனால், காய்கறிக்காரன் தராசைத் தொடவில்லை. உங்கள் வீட்டுக் கூரையிலேயே கொட்டுகிறதாமே, என்னிடம் எதற்கு வந்தீர்கள் என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஞாயிறு காலை அவர் கீழ்வீட்டு வாசலில் போய் நின்றார். வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கி அறியாத வாய்.

“சம்பந்தி வர்றாரும்மா. கொஞ்சம் காய் வேணும்.”

தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, கூடையை அவர் கையில் கொடுத்தாள். “பிடிச்சுக்கிட்டு நில்லுங்க சார். மேல மட்டும் பாக்காதீங்க.”

கண்ணாடி அறையில் உட்கார்ந்து முடி நரைத்தவர், தன் பூட்ஸையே பார்த்தபடி குனிந்து நின்றார். கழுத்து இரண்டு முறை மேலே திரும்பப் பார்த்தது, அடக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்துக் கூடை கனக்க ஆரம்பித்தது.

சம்பந்தி இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு தோட்டத்தைப் பார்க்க மாடிக்குப் போனார். ஆடிக்கொண்டிருந்த வேர்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “வேர் நல்லாப் பிடிச்சிருக்கு” என்றார். மேனேஜர் அன்று முழுக்கத் தொப்பியைக் கழற்றவில்லை.

அடுத்த கோடைக்கு அவர் பூசணி விதை ஊன்றினார். தையல்காரி கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.