கலோயானின் சட்டையில் ஏறிய வண்டுகள்

ஜூன் பதினோராம் தேதி காலை, ஸ்தனிமிராவின் பண்ணையில் முந்தின நாள் செத்துப்போன உருளைக்கிழங்கு வண்டுகள் அத்தனையும் எழுந்து நடந்துவந்து கலோயானின் சட்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டன. மஞ்சளும் கறுப்புமாய்க் கோடு போட்டவை. கழுத்திலிருந்து இடுப்புவரை பொத்தான் தைத்த மாதிரி வரிசையாக இருந்தன. கடிக்கவில்லை, பறக்கவில்லை. சட்டையை மாற்றினால் மாற்றிய சட்டைக்கு வந்தன. அன்று ப்ரெஸ்லாவெட்ஸ் கிராமத்தில் மழை இல்லை. தக்காளி முந்தின வார விலைக்கே போயிற்று.

கலோயான் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் கம்ப்யூட்டர் வேலை சலித்துப்போய், சம்பளமில்லாமல் உழைக்க வந்தவன். தினம் ஐந்து மணி நேர வேலை, பதிலுக்குச் சாப்பாடும் ஒரு கட்டிலும். மருந்தடிக்காத பண்ணை என்பதால் இலையைத் திருப்பித் திருப்பி வண்டுகளைக் கையால் பொறுக்கி, சோப்புத் தண்ணீர் பாட்டிலில் போடவேண்டும். மூன்றாம் வாரம் முதுகு விட்டுப்போயிற்று. வேலியோரக் கடைசி வரிசை யார் கண்ணிலும் படாது. டவுன் கடையில் பூச்சிமருந்து குட்டிப் பாட்டில் ஒன்று வாங்கிவந்து, மற்றவர்கள் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் அடித்துவிட்டான். பாவி மனுஷன், சாயங்காலம் எல்லாவற்றையும் கையால் பொறுக்கிவிட்டதாக வேறு சொன்னான். ஸ்தனிமிரா அவனுக்கு மட்டும் பீன்ஸ் சூப் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினாள்.

மறுநாள் வண்டுகளைப் பார்த்து அவள் பூரித்துப்போனாள். சனிக்கிழமைச் சந்தையில் அவனைக் கடைமுன்னால் நிறுத்தி, "எங்க கலோ கைராசியப் பாருங்க! செடிய விட்டுட்டு அதுங்களே இவன்கிட்ட வந்துருச்சு!" என்றாள். பக்கத்துத் தேன்கடை ருமென், "ஏம்ப்பா, சட்ட எங்க தச்ச? எனக்கும் ஒண்ணு சொல்லி வையேன்" என்று கேலி பண்ணினான். கலோயானும் சேர்ந்து சிரித்தான். அப்படிச் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குக் காது சுடும்.

ஸ்தனிமிராவுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் கிழங்கு தோண்டும் நாளில், வருஷம் முழுக்க அவளிடம் வாங்கும் பன்னிரண்டு குடும்பங்களையும் வயலுக்கு வரச்சொல்லி, அவர்கள் கண்ணெதிரில் ஒரு கிழங்கைப் பாவாடையில் துடைத்துத் தோலோடு பச்சையாகத் தின்பாள். அதுதான் அவள் சத்தியம். அந்த ஆகஸ்டில், கலோ பார்த்த வரிசையில்தான் தோண்டுவேன் என்று நேரே வேலியோரம் போனாள். எட்டு வாரமாக அவன் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவந்த வார்த்தை, அவள் கடித்து, மென்று, விழுங்கிய பிறகுதான் வாய்க்கு வந்தது.

"அத்தை, வேணாம். மருந்தடிச்சுட்டேன், இந்த வரிசைக்கு. நான்தான்."

பாதிக் கிழங்கு அவள் கையில் இருந்தது. வந்த குடும்பங்களின் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின.

"நான் கடிக்கிற வரைக்குமாடா பாத்துட்டு நின்ன?" என்றாள்.

அவள் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வாங்குகிறவர்களில் மூன்றே குடும்பங்கள்தான் மறுபடி வாங்க வந்தன. மருந்து மண்ணை விட்டுப் போகட்டும் என்று வேலியோர வரிசையில் மூன்று வருஷம் தீவனப்புல்லை விதைத்துப் போட்டாள். உண்மையைச் சொன்னால் வண்டுகள் உதிர்ந்துவிடும் என்று அவன் நினைத்திருந்தான், ஒன்றுகூட உதிரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, ஒவ்வொரு ஜூனிலும் வந்து பொறுக்கினான். அவள் எல்லாருக்கும் போல ஒரு கரண்டி சூப் ஊற்றினாள், பேசவில்லை.

நாலாம் வருஷம் அங்கே மறுபடி கிழங்கு போட்டார்கள். ப்ளோவ்திவ் நகரத்திலிருந்து புதிதாக உழைக்க வந்த யூலியானா, கலோயானின் மார்பில் இருந்த வண்டைப் பிடித்துப் பாட்டிலில் போடக் கை நீட்டினாள்.

"ஏய், அத விடு. அது செடியோடது இல்ல, அவனோடது" என்றாள் ஸ்தனிமிரா. பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "கடைசி வரிசை உனக்கு. போய்ப் பொறுக்கு."

அவன் பாட்டிலை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனான். வண்டுகளும் கூடப் போயின.