இரண்டாயிரம் வருடப் புல்

கடிதத்தைப் படித்ததும் பேராசிரியைக்கு நினைவு வந்தது மாமாதான். ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவர் மாமா. வயது என்னவோ முப்பத்தைந்துதான். சீக்கிரம் கல்யாணம் செய்து, சீக்கிரம் முன்வழுக்கை விழுந்து, பத்து வருடமாக உதவியாளராகவே காலம் தள்ளுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

கடிதம் எழுதியது வேறொரு பல்கலைக்கழகத்தில் இருக்கும் பழைய வகுப்புத்தோழி. பருவநிலை மாறினால் காடு என்ன ஆகும் என்று கணினியில் கணக்கிடும் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரே ஓர் இடம், நாலு வருட உதவித்தொகையோடு. வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. நம்பிக்கையான ஆள் இருந்தால் பத்து நாளுக்குள் விண்ணப்பிக்கச் சொல் என்றிருந்தாள்.

ஆள் இருந்தார். ஆனால் இங்கே ஆய்வுக்கூடக் கணினியில் அப்போதுதான் காடு வளர ஆரம்பித்திருந்தது. வெறும் மண்ணில் தொடங்கி இரண்டாயிரம் வருடம் வளர்ந்து நிலைத்தால்தான், வெயிலைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க முடியும். கணினிக்கு அது ஆறு வாரம். நடுவில் நின்றுபோனால் தூக்கிவிட மாமாவை விட்டால் நாதியில்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று பேராசிரியை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மாமாவுக்குச் சீக்கிரமே முப்பத்தாறு பிறக்கும் என்று தெரிந்தும் பத்து நாளும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது வாரமே மாமா, மரம் தலைகாட்டக் காணோம் மேடம் என்றார். போகப் போகச் சரியாகும் என்று அடக்கிவிட்டார் பேராசிரியை. ஆறாவது வாரம் பார்த்தால் இரண்டாயிரம் வருடமும் வெறும் புல். மாமா நாள் முழுக்கத் துருவி, மழைக் கோப்பில் ஒரு மாத மழையை வருடம் முழுவதற்கும் போட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். கோப்பைத் தயாரித்தது பேராசிரியை. மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், மறுபடி முதலிலிருந்து ஓட்டிவிடலாம் என்றார்.

போகாமல் வாசலில் தயங்கி நின்றார். வீட்டுக்காரி போனில் முனைவர் பட்ட இடம் ஒன்றின் விளம்பரம் காட்டினாளாம். போன மாதமே தேதி முடிந்துவிட்டதாம்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா போட்டிருப்பேன் மேடம். உங்க சிநேகிதியோட இடம்தான். கேட்டுப் பாக்கறீங்களா?"

பொய் சொல்ல எல்லா வசதியும் இருந்தது. தான் செய்தது எவ்வளவு கேவலம் என்று அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

"அந்தக் கடிதம் எனக்குத்தான் வந்துச்சு. அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாச்சு. நீங்க போயிட்டா இந்த வேலை நின்னுடும்னு சொல்லாம விட்டுட்டேன்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டு, மேடம் பேசுகிறார் என்று மட்டும் சொல்லி நீட்டினார்.

"வணக்கம் மேடம்" என்றது சந்தோஷமான குரல். "அவர் கேக்கவே கூச்சப்பட்டாரு. உங்ககிட்ட சொன்னா எப்படியும் வழி பண்ணுவீங்கன்னு நான்தான் அனுப்பிவெச்சேன்."